அப்பா பார்க்காத கடைமடை

கடைமடை என்பதை ஒரு ஊரின் பெயர் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். அப்போது மேட்டூரில் குடியிருந்தோம். அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். அணையில் ஷட்டர் ஏற்றுவது, இறக்குவது, நீர்மட்டம் பார்த்து எழுதிவைப்பது, சங்கிலிக்கும் பல்சக்கரத்துக்கும் கிரீஸ் போடுவது, இதுதான் வேலை. ஜூன் மாத ராத்திரிகளில் சோற்றுத் தட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "இன்னும் கடைமடைக்குப் போயிருக்காது" என்று அம்மாவிடம் சொல்வார். கடைமடையில் நமக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அப்பா ஏதோ அனுப்பிவைக்கிறார், அது போய்ச் சேர நாளாகும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

ஓய்வுபெற்ற பிறகு அப்பா எங்களோடு சேலம் கன்னங்குறிச்சிக்கு வந்துவிட்டார். விடிந்ததும் மூக்கனேரிக் கரையில் ஒரு நடை. ஊர்க்காரர்கள் கூடித் தூர்வாரி, ஏரிக்குள் மண்திட்டுகள் போட்டு மரம் வைத்த பிறகு அங்கே பறவைகள் வந்து அடைகின்றன. திட்டுகளுக்குப் பின்னால் சேர்வராயன் மலை. நடந்து முடித்து வீட்டுக்கு வந்தால் செய்தித்தாளில் அவர் முதலில் தேடுவது மேட்டூர் நீர்மட்டத்தை. எத்தனை அடி, வரத்து எவ்வளவு கனஅடி, திறப்பு எவ்வளவு. அதைப் படித்த பிறகுதான் காப்பி.

ஒருநாள் என் மகன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான். "தாத்தா, நீங்க திறந்துவிட்ட தண்ணியெல்லாம் கடைசியா எங்க போச்சு?"

"கடைமடைக்கு."

"அது எப்படி இருக்கும்?"

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். முப்பத்து நாலு வருஷம் அந்த அணையில் வேலை பார்த்தவர். கல்லணைக்குக் கீழே ஒருமுறைகூடப் போனதில்லை.

வழக்கப்படி அணையைத் திறப்பது ஜூன் 12. அடைப்பது ஜனவரி 28. இந்த வருஷம் அடைத்த செய்தி வந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை விடியும் முன்னே மூன்று பேரும் காரில் கிளம்பினோம். புளிசோறு, ஒரு டப்பா தட்டுவடை, அப்பாவின் பழைய பைனாகுலர். போகும் இடம் கோடியக்கரை.

வரைபடத்தில் கோடியக்கரையைப் பார்த்திருப்பீர்கள். வடக்கிலிருந்து நேராக இறங்கி வரும் சோழமண்டலக் கரை அந்த இடத்தில் முழங்கை மாதிரி மடங்கி மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை, மேற்கே வேதாரண்யம் பெருஞ்சதுப்பு. மூன்று பக்கமும் நீர் சூழ்ந்து கடலுக்குள் நீண்டு நிற்கும் நிலம். காவிரிப் படுகையின் தென்கிழக்கு மூலை. இதற்கு மேல் தண்ணீர் போக வழியில்லை.

நாமக்கல், திருச்சி, தஞ்சாவூர் வரைக்கும் அப்பா அதிகம் பேசவில்லை. கல்லணையில் நிறுத்தவா என்று கேட்டதற்கு, "அதான் பாத்தாச்சே" என்றார். நீடாமங்கலம் தாண்டும்போது அவரே நிறுத்தச் சொன்னார். மூணாறு தலைப்பு. கல்லணையில் பிரிந்து வரும் வெண்ணாறு இங்கே மறுபடி மூன்றாகப் பிரிகிறது: வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. பிப்ரவரியில் ஆறு ஏறக்குறைய காய்ந்து கிடந்தது. அப்பா மதகு மதகாக நடந்தார். திருகு கம்பியைத் தொட்டுப் பார்த்தார், விரல் நுனியில் கிரீஸ் ஒட்டியதும் முகம் தெளிந்தது. "நல்லா வச்சிருக்காங்க" என்றார். வேலையை விட்டு இத்தனை வருஷத்துக்குப் பிறகும், தன் கையை விட்டுப் போன தண்ணீரை வழியில் யார் ஏந்திக்கொள்கிறார்கள் என்பதுதான் அவருக்குத் தெரியவேண்டியிருந்தது.

மத்தியானம் வேதாரண்யம். 'திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு' என்று சொல்வார்கள். கோயிலில் எங்களைப் பிடித்து நிறுத்தியது கதவு. வேதங்கள் பூசித்து மூடிவிட்டுப் போன வாசல் நெடுங்காலமாக அடைபட்டே கிடந்ததாம். அப்பரும் சம்பந்தரும் வந்தபோது, திறக்கப் பாடியவர் அப்பர். ஒரு பதிகம் முழுக்கப் பாடி முடிக்கும் வரைக்கும் கதவு அசையவில்லை. மறுபடி அடைக்கச் சம்பந்தர் பாடினார், முதல் பாட்டிலேயே அடைத்துக்கொண்டது. நமக்கு மட்டும் இவ்வளவு நேரமாயிற்றே என்று அப்பர் வருந்தினார் என்கிறது புராணம்.

நான் பையனுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா குறுக்கே வந்தார். "வருத்தப்பட ஒண்ணுமில்ல கண்ணு. ஷட்டர் அப்படித்தான். அடைக்கும்போது தன் எடைக்கே இறங்கிரும். ஏத்தறப்பத்தான் தண்ணி நெருக்கிப் பிடிக்கும்." எத்தனையோ பேர் அந்தக் கதைக்கு விளக்கம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்பா சொன்னதுதான் எனக்கு மனதில் தங்கியது.

சாயங்காலம் கோடியக்கரைக் கடலோரம். குளிக்கிற கடல் இல்லை இது. ஆழம் குறைவு, கலங்கல் தண்ணீர், கால் வைத்தால் சேறு உள்வாங்கும். கடைகள் என்று பெரிதாக எதுவும் இல்லை. மீன் பருவத்துக்காக வேறு ஊர்களிலிருந்து வந்து தங்கும் மீனவர்களின் கீற்றுக் கொட்டகைகள் வரிசையாக இருந்தன. வலையை விரித்துப்போட்டு நாலைந்து பேர் மீன் கழற்றிக்கொண்டிருந்தார்கள். என் பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கண்ணியிலிருந்து நண்டை எப்படி எடுப்பது என்று ஒரு அண்ணன் கற்றுக்கொடுத்தார். பையன் முக்கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். கருவாடு காய்ந்த மணம், காற்று, தூரத்தில் ஒரு படகின் எஞ்சின் சத்தம். வேறு ஒன்றுமில்லை.

இந்தக் காற்றைப் பற்றி ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கவலைப்பட்டவர் சுந்தரர். கோடியக்காட்டில் குழகர் கோயில் இருக்கிறது. கடற்காற்று இப்படி வந்து மோதுகிற கரையில், அக்கம்பக்கம் குடி இல்லாமல், யார் துணையோடு இருக்கிறீர் என்று அந்தச் சாமியிடம் கேட்டு உருகிப் பாடினார். இன்றைக்கும் அந்தக் கேள்வி பொருந்துகிற ஊராகவே இது இருக்கிறது. அப்படியே இருக்கட்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. நீர் விளையாட்டு, ரிசார்ட் என்று இந்த மூலைக்கும் ஏதாவது வந்துவிடக் கூடாதே என்று உண்மையாகவே பயப்படுகிறேன்.

கரையில் வனத்துறையின் ஆமை முட்டைப் பொரிப்பகம் இருந்தது. பங்குனி ஆமைகள் இந்த மாதங்களில் ராத்திரி கரையேறி மணலில் குழி பறித்து முட்டையிடும். நாயும் நரியும் தோண்டித் தின்னாமல் இருக்க, முட்டைகளை எடுத்துவந்து வேலிக்குள் புதைத்துவைக்கிறார்கள். ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும் குஞ்சு வர.

மறுநாள் காலை சரணாலயம். 1967-ல் வெளிமான்களுக்காகவே ஏற்படுத்தப்பட்டது. 2002-ல் இந்தச் சதுப்பும் காடும் சேர்ந்து ராம்சர் நிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டன. தமிழ்நாட்டில் முதலாவது. அதற்குப் பிறகு இருபது வருஷம் நமக்கு அது ஒன்றுதான் இருந்தது. கூட வந்த வனக்காவலர் உள்ளூர்க்காரர். குரலை உயர்த்தாமல் பேசுவார், பேசும்போது கண் மட்டும் புல்வெளியிலேயே இருக்கும்.

வெளிமானைப் புள்ளிமானோடு சேர்த்து நினைக்கக் கூடாது. புள்ளிமான் மரநிழலில் ஒதுங்கும், இது பெயருக்கேற்ப வெட்டவெளியில் நிற்கும். முதலில் பழுப்பு நிறப் பெட்டைகள் ஏழெட்டு. பிறகு தனியாக ஒரு கிடா. முதுகும் பக்கமும் கறுப்பு, வயிறு சுண்ணாம்பு வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், தலைமேல் திருகித் திருகி ஏறும் கொம்பு. எங்களைப் பார்த்ததும் அது ஓடவில்லை. முகத்தை மேலே தூக்கிக் கொம்பை முதுகோடு சாய்த்துக்கொண்டு மெதுவாக நடந்தது. திடீரென்று என்ன தோன்றியதோ, பெட்டைகளில் ஒன்று நின்ற இடத்திலிருந்து நேராக மேலே எழும்பியது. அடுத்தது. அடுத்தது. நாலு காலும் தரையில் படாமல் ஒரு கூட்டமே காற்றில் நிற்பதைப் பார்த்து என் பையன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

கொஞ்ச தூரத்தில் மட்டக்குதிரைகள் மேய்ந்தன. யாருக்கும் சொந்தமில்லாதவை, எப்போதோ விடப்பட்டுக் காட்டிலேயே பெருகியவை. யார் விட்டது என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை. பார்க்க அழகுதான். ஆனால் வெளிமானுக்கு வேண்டிய அதே புல்லைத்தான் அவையும் தின்கின்றன. சீமைக் கருவேலமும் வெட்ட வெட்டப் புல்வெளிக்குள் நுழைகிறது. வெட்டவெளி சுருங்கினால் வெளிமானுக்கு இடமில்லை என்று காவலர் சொன்னார்.

அப்பா கேட்ட ஒரே கேள்வி: "சுத்தியும் உப்புத் தண்ணி. இதுங்க குடிக்கத் தண்ணிக்கு என்னங்க தம்பி பண்ணுது?"

"மழைத்தண்ணி நிக்கிற குளம் குட்டைதாங்கய்யா. கோடையில வத்திப்போனா நாங்க தொட்டியில ஊத்துவோம்."

ராமர் பாதம் என்ற மேட்டில் ஏறினோம். கோடியக்கரையிலேயே உயரமான இடம் அது, கடல்மட்டத்திலிருந்து நாலு மீட்டர்தான். தினமும் சேர்வராயனை அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு அது ஒரு வரப்பு. ஆனால் அங்கே நின்றால் பாலை மரங்களின் தலைகள் எல்லாம் காற்றுக்கு ஒரே பக்கமாகச் சாய்ந்து கடல்வரை போவது தெரிகிறது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியது இந்தப் பக்கம்தான். மானும் குதிரையும் செத்து ஒதுங்கியதைக் காவலர் ஒரே வரியில் சொல்லி நிறுத்திக்கொண்டார், நாங்களும் மேலே கேட்கவில்லை. சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று சொல்லப்பட்ட செங்கல் கட்டடம் 2004 சுனாமியில் போய்விட்டது.

சதுப்பு ஓரத்துக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு, உப்புக் குவியல் என்று நினைத்தேன். அப்பா பைனாகுலரை வைத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் என்னிடம் நீட்டினார். பூநாரைகள். நூற்றுக்கணக்கில். முழங்கால் தண்ணீரில் நின்று, கழுத்தை வளைத்துத் தலையைத் தலைகீழாக நீருக்குள் விட்டு, அலகால் சேற்றுத் தண்ணீரைச் சலித்துக்கொண்டிருந்தன. அந்தச் சேற்றில் இருக்கிற சின்னஞ்சிறு உயிர்களும் பாசியும்தான் சாப்பாடு, அதில் இருந்துதான் இறகுக்கு அந்த இளஞ்சிவப்பும் வருகிறது. ஒரு பகுதி எழுந்து பறந்தபோது இறக்கைக்கு அடியில் மறைந்திருந்த சிவப்பும் கறுப்பும் ஒரே நேரத்தில் விரிந்தன.

கரை ஓரமாக உள்ளான்கள் ஓடி ஓடிக் கொத்தின. இவற்றில் கொசு உள்ளான் என்று ஒன்று, முப்பது கிராம்கூட இருக்காது. சைபீரியாவில் குஞ்சு பொரித்து, அங்கே பனி இறுகும் முன் கிளம்பி இந்தச் சேற்றுக்கு வருகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி விட்டுக்கொண்டிருக்கிறார்கள். மூக்கனேரியில் காலைநேரத்தில் நாங்கள் பார்க்கிற உள்ளான்கள் எங்கிருந்து வந்தவை என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

கோடியக்கரையிலிருந்து திரும்பும் வழியில் அகஸ்தியம்பள்ளி. இரண்டு பக்கமும் உப்பளம். பாத்திகளில் பருவம் அப்போதுதான் தொடங்கியிருந்தது, பலகையால் உப்பை இழுத்து வரப்பில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கேதான் 1930 ஏப்ரல் 30-ல் ராஜாஜி உப்பு எடுத்துக் கைதானார். ஏப்ரல் 13-ல் திருச்சியில் கிளம்பி இரண்டு வாரம் நடந்து வந்த தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ இடம் கொடுத்தாலோ தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் அறிவித்தார். வழியில் இருந்த ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டிவிட்டுப் போனார்கள். அதற்குப் பதின்மூன்று வருஷத்துக்கு முன் ராஜாஜி எங்கள் சேலம் நகராட்சியின் சேர்மன். எங்கள் ஊர் வக்கீல் ஒருவர் கடைமடை வரை நடந்து வந்து உப்பை அள்ளியிருக்கிறார் என்பதை அந்த வெயிலில் நின்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. ஒரு பை கல்லுப்பு வாங்கிக்கொண்டோம்.

அன்று பிற்பகலே முத்துப்பேட்டை. ஜாம்புவானோடையில் படகு ஏறி, கோரையாற்றின் வழியாக அலையாத்திக் காட்டுக்குள் போனோம். மூணாறு தலைப்பில் நாங்கள் பார்த்த அதே கோரையாறு. அங்கே காய்ந்து கிடந்தது, இங்கே கரை நிறையத் தண்ணீர். அப்பா கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

"இது ஆத்துத் தண்ணி இல்லீங்களே தம்பி?"

"இல்லீங்கய்யா. தை கடைசியில ஆறு நின்னுரும். நின்ன பொறவு கடல் மேல ஏறி வந்துரும். வாயில வச்சுப் பாருங்க, கரிக்கும்."

அப்பா கையை விட்டு அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். "இருபத்தெட்டாந்தேதி அடைச்சாங்க" என்றார், தனக்கே சொல்லிக்கொள்வது போல.

படகு மெதுவாக உள்ளே போனது. சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கான மூச்சு வேர்கள் பென்சில் நட்டுவைத்த மாதிரி நின்றன. படகுக்காரர் ஒரு இலையைப் பறித்து என் பையனிடம் கொடுத்து நக்கிப் பார்க்கச் சொன்னார். இலைமேல் உப்புப் பொடி. வேர் வழியாக உள்ளே போகும் உப்பை இந்த மரம் இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. அதற்காக எவ்வளவு உப்பையும் அது தாங்கும் என்று அர்த்தமில்லை. ஆற்று நீர் வந்து கலந்தால்தான் வளரும், குறைந்தால் குட்டையாகி நின்றுவிடும். உப்பு ஏறி மரமற்றுப் போன திட்டுகளில் வனத்துறை மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, அலைநீர் ஏறி இறங்க வழி செய்து மறுபடி கன்று வைத்திருக்கிறார்கள். அந்த வாய்க்கால்களின் சரிவைத்தான் அப்பா மிக நேரம் பார்த்தார்.

மேட்டூரில் வெள்ளக் காலத்தில் பதினாறு கண் மதகைத் திறந்தால் சேலத்திலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் கூட்டம் கூட்டமாக வந்து வேடிக்கை பார்ப்பார்கள். பார்த்துவிட்டு எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அத்தனையும் வீணாக் கடலுக்குப் போவுது." நானும் சொல்லியிருக்கிறேன். அப்பாவும் சொல்லியிருக்கிறார். திறந்துவிட்டவரே சொன்னார். அந்த வார்த்தையை வெறுமனே பழக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

படகுக்காரரிடம் அப்பா கேட்டார். "ஆத்துத் தண்ணி வந்தா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நிறம் மாறும்ங்கய்யா. செவந்து வரும். அது வந்து கலந்தாத்தான் எறா குஞ்சு காட்டுக்குள்ள தங்கும். நண்டு தங்கும். எங்க பொழப்பு அதுலதான் இருக்கு. நீங்க எந்த ஊருங்கய்யா?"

"மேட்டூரு. டேம்லதான் இருந்தேன். ஷட்டர் ஏத்தறது."

படகுக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டார். காயலின் வாயில், காடு முடிந்து தண்ணீர் அகலமாகத் திறந்துகொள்ளும் இடம் அது. கூழைக்கடாக்கள் மிதந்துகொண்டிருந்தன. அவர் கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, "குடிங்கய்யா" என்று நீட்டினார். அப்பா வாங்கிக் குடித்தார். பிறகு இரண்டு பேரும் மதகுகளைப் பற்றி, எந்த வருஷம் தண்ணீர் தாமதம், எந்த வருஷம் வரவே இல்லை என்று பேசத் தொடங்கினார்கள். இருவருக்கும் வருஷங்கள் ஒன்றுபோல ஞாபகம் இருந்தன. அங்கே அடைத்துக்கிடந்த வருஷமெல்லாம் இங்கே இறால் இல்லாத வருஷம். இறங்கும்போது போன் நம்பர் மாற்றிக்கொண்டார்கள்.

அந்தக் கல்லுப்பு இன்னும் எங்கள் சமையலறையில் பீங்கான் ஜாடியில் இருக்கிறது.

ஜூன் 12 அன்று அணையைத் திறப்பதை டிவியில் பார்த்துவிட்டு அப்பா பீரோவிலிருந்து தன் பழைய நோட்டு ஒன்றை எடுத்தார். வேலையில் இருந்தபோது எழுதிவந்தது. திறந்த நாள், அளவு, கல்லணைக்குச் சேர்ந்த நாள் என்று மூன்று கட்டம். ஸ்கேல் வைத்து நாலாவது கட்டம் ஒன்று போட்டார். மேலே 'முத்துப்பேட்டை' என்று எழுதினார்.

நாலாம் நாள் மூன்றாவது கட்டம் நிரம்பியது. பத்தாம் நாளிலிருந்து தினமும் சாயங்காலம் படகுக்காரருக்கு ஒரு போன்.

"இன்னும் கரிக்குதுங்கய்யா."

"வந்துரும் தம்பி. மூணாறு தலைப்பு தாண்டியிருக்கும். வந்ததும் சொல்லுங்க, ராத்திரியா இருந்தாலும் பரவாயில்ல."